கரையேறிய பாய்க்கலம் மீண்டும் கடலிறங்குதல்: செயல்முறையும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

பாய்க்கலம் ஆண்டு முழுவதும் நீரில் கிடப்பதில்லை. இங்கிலாந்து முதலிய வடபுல நாடுகளில் பாய்ப்படகுகள் இலையுதிர் காலத்தின் இறுதியில் கரையேற்றப்பெற்று, குளிர்காலம் முழுவதும் தாங்குகட்டைகளின்மேல் நிறுத்தப்பெற்று, இளவேனிலில் மீண்டும் நீரில் இறக்கப்பெறுகின்றன. இந்தியாவின் மேற்குக் கரையில் இதற்கிணையான ஓய்வுக்காலம் தென்மேற்குப் பருவக்காற்றால் அமைவது. மகாராட்டிரத்தின் கோளி மீனவர்கள் சிராவண மாத முழுநிலா நாளாகிய நாரளிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்துவிட்டே கலங்களைக் கடலில் செலுத்துகின்றனர். காலமும் காரணமும் வேறுபடினும் பணி ஒன்றே: பல மாதங்கள் உலர்ந்து கிடந்த கலத்தை மீண்டும் நீர் தாங்கவும் காற்றில் ஓடவும் தக்கதாக்குதல்.

இப்பணியைப் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைத் தமிழாக்குவோர்க்குக் கலைச்சொற் பற்றாக்குறையே முதன்மையான இடர் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து முழுமையானதன்று. தேவைப்படும் சொற்களில் பல தமிழில் உள்ளன. எந்தச் சொல் எந்தச் செயலுக்கு உரியது என்பதைச் செயலின் காரணத்தை அறியாமல் முடிவு செய்ய இயலாது என்பதே உண்மையான இடர். இலக்கிய மொழிபெயர்ப்பில் சொல் பிழைத்தால் நயம் குன்றும். கலத்தின் கையேட்டில் பிழைத்தால் கலம் மூழ்கும். இறக்குபணியின் படிநிலைகளை விளக்கி, ஒவ்வொன்றிலும் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சொல், தொடர்ச் சிக்கல்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பணியின் பெயர்

ஆங்கிலத்தில் இப்பணி 'லாஞ்ச்', 'கமிஷன்' என்னும் இரு வினைகளால் குறிக்கப்படுகிறது. 'லாஞ்ச்' என்பதற்கு இன்றைய தமிழ் உரைநடையில் நூலாயின் வெளியிடுதல், ஏவூர்தியாயின் ஏவுதல், திட்டமாயின் தொடங்குதல் என்று செயப்படுபொருளை ஒட்டி வெவ்வேறு வினைகள் வழங்குகின்றன. கலத்திற்கு உரிய வினை 'இறக்குதல்' ஒன்றே. அதே ஒலியுடைய 'லாஞ்ச்' என்னும் பெயர்ச்சொல் ஒருவகைப் படகைக் குறிக்கும். வினை பிரெஞ்சு வழியாக எறிதற் பொருளில் வந்தது. படகின் பெயரோ போர்த்துகீசிய 'லாஞ்சா' வழியாக வந்தது. இரண்டும் ஒலியொப்புச் சொற்களேயன்றி ஒரே சொல்லின் இரு பொருள்கள் அல்ல.

'கமிஷன்' இன்னும் சிக்கலானது. தரகு, ஆணையம், படையலுவலர் பதவி ஆகியவற்றையும் அது குறிக்கும். போர்க்கப்பலுக்கு அது நிகழும்போது 'கடற்படையில் இணைத்தல்' என்பது பொருந்தும். தனியார் பாய்ப்படகிற்குப் பொருந்தாது. அங்கு அதன் பொருள், கரையேற்றியபோது கழற்றியவற்றை மீண்டும் பூட்டிச் சோதித்துப் பயணத்திற்குத் தகுதியாக்குதல் என்பதாகும். இதற்கு 'அணியம்' என்னும் சொல் முதலில் நினைவுக்கு வரும். ஆயத்தநிலை என்பது அதன் பொருள். ஆயினும் கலத்தின் முற்பகுதிக்கும் 'அணியம்' என்பதே பெயர். பிற்பகுதி 'அமரம்' ஆகும். 'அணியத்தைச் சரிபார்க்கவும்' என்று கையேட்டில் எழுதினால், கலத்தின் முகப்பையா, ஆயத்தநிலையையா என்ற ஐயம் எழும். எனவே உறுப்பின் பெயராக 'அணிய'த்தை நிறுத்திக்கொண்டு, பணியைப் 'பயண ஆயத்தம்' எனக் குறிப்பது நலம்.

3. உலர்ந்த மரமும் கலப்பற்றும்

பலகை பொருத்திக் கட்டிய கலமே கரையில் மிகுதியாக மாறுதலடைவது. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகிறது. நெடுக்குவாட்டில் அச்சுருக்கம் மிகக் குறைவு, குறுக்குவாட்டில் அதிகம். ஆகவே பலகையின் நீளம் மாறாமல் அகலம் குறைகிறது. அடுத்தடுத்த பலகைகளுக்கு இடையிலான பொருத்துவாய்கள் விரிகின்றன.

இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு 'சுஹைலி' என்னும் பாய்க்கலம். 32 அடி நீளமுள்ள இக்கலம் 1960களின் முற்பகுதியில் பம்பாயில் தேக்குமரத்தால் கட்டப்பெற்றது. இதில் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து புறப்பட்டு, எத்துறைமுகத்திலும் நில்லாமல் தனியே உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22ஆம் நாள் அங்கேயே திரும்பினார். அவ்வகையில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. பாரசீக வளைகுடாவில் அரபு மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு வழங்கும் பெயரே கலத்தின் பெயராயிற்று. அதனோடு உறவுடைய 'சுஹைல்' அரபியில் ஒரு விண்மீனின் பெயர். நம் நாட்டினர் அவ்விண்மீனை அகத்தியம் என்பர்.

இக்கலம் 1997 முதல் 2002 வரை கிரீன்விச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக இருந்தது. காட்சிக்கூடத்தின் கட்டுப்படுத்தப்பட்ட உலர்காற்றில் அதன் பலகைகள் சுருங்கத் தொடங்கின. பொதுவாக அருங்காட்சியகப் பொருளைக் காப்பது உலர்நிலை. மரக்கலத்தைக் காப்பதோ ஈரநிலை. நாக்ஸ் ஜான்ஸ்டன் கலத்தைத் திரும்பப் பெற்றுச் செப்பனிட்டார். 2005இல் அது வைட் தீவைச் சுற்றும் போட்டியில் கலந்துகொண்டது. முதற்பயணத்தின் 50ஆம் ஆண்டாகிய 2018இல் ஃபால்மவுத்தில் நடந்த விழாவிலும் கலந்துகொண்டது.

விரிந்த பொருத்துவாயைப் பருத்தித் திரியாலோ நாராலோ அடைத்து மேலே மெழுகும் தொழிலுக்குத் தமிழில் 'கலப்பற்று' என்று பெயர், பேச்சுவழக்கில் 'கலப்பத்து'. 'கலம்', 'பற்று' என்று பிரித்துப் பொருள் காணத் தோன்றினும், இது அரபி, போர்த்துகீசிய மொழிகளில் இத்தொழிலைக் குறிக்கும் 'கலஃபா', 'கலஃபேட்' ஆகியவற்றோடு தொடர்புடைய கடல்வழிச் சொல். தமிழ்ச் செவிக்குப் பொருள் தோன்றும்படி அமைந்தமையே அதன் நிலைபேற்றுக்கு ஒரு காரணம் எனலாம். சுக்கான் அரபியிலிருந்தும், நங்கூரம் பாரசீகத்திலிருந்தும், மாலுமி அரபியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்தும் வந்தவை. கடல்தொழிற் சொற்களில் தூய்மையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் தொழிலாளர் அறிந்த சொற்களையே இழக்க நேரும்.

இங்கு முதல் எச்சரிக்கை எழுகிறது. உலர்ந்த கலத்தில் பொருத்துவாய் அகன்று தோன்றுகிறதென்று திரியை நெருக்கி அடித்து இறுக்கிவிடலாகாது. நீரில் இறங்கியதும் பலகை பருக்கும். விரிய இடமில்லாதபோது அவ்விசை ஆணிகளையும், உள்ளே விலாவெலும்புகளைப் போல் நிற்கும் வங்குகளையும் தாக்கும்; வங்கு முறியவும் கூடும். எனவே திரி அளவாக அடிக்கப்பெறும். மேற்பூச்சும் பிதுங்கி வெளிவரத்தக்க மென்மையுடையதாக இருக்கும். 'திரியை உறுதியாக அடிக்கவும்' என்று பொதுநோக்கில் எழுதப்படும் தமிழ்த்தொடர் இலக்கணப் பிழையற்றது. கலத்திற்கோ கேடு விளைப்பது. 'பலகை பருக்க இடம்விட்டு அடிக்கவும்' எனக் காரணத்தையும் உடன்சேர்த்து எழுதுவதே இத்தகைய இடங்களில் சரியான மொழிபெயர்ப்பு.

4. ஊறி இறுகுதல்

உலர்ந்த மரக்கலம் நீரில் இறங்கியவுடன் உள்ளே நீர் வரும். அது பழுதின் அறிகுறியன்று. சில மணிநேரத்திலோ சில நாள்களிலோ பலகைகள் நீரேற்றுப் பருத்துப் பொருத்துவாய்கள் நெருங்கியபின் நீர்வரவு தணியும். இந்நிகழ்வை ஆங்கிலத்தில் 'டேக்கிங் அப்' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மேலெடுத்தல்' ஆகும். கலத்தை நீரிலிருந்து மீண்டும் மேலே தூக்க வேண்டும் என்ற நேர்மாறான பொருளை அது தரும்.

தமிழில் இதற்கு 'ஊறு' என்னும் வினை ஏற்றதாக அமைகிறது. கேணியில் நீர் ஊறுகிறது என்னும்போது நீர் எழுவாய். நீரில் பருப்பு ஊறுகிறது என்னும்போது நீரை ஏற்றுப் பருக்கும் பொருள் எழுவாய். கலத்திலோ இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே நடைபெறுகின்றன: பொருத்துவாயில் நீர் ஊறுகிறது, அந்நீரில் பலகை ஊறுகிறது, பலகை ஊற ஊற நீர் ஊறுவது குறைகிறது. ஆதலின் 'டேக்கிங் அப்' என்பதை 'ஊறி இறுகுதல்' எனலாம். ஆங்கிலத் தொடர் மறைத்து வைக்கும் காரணகாரியத் தொடர்பை இத்தமிழ்த் தொடர் வெளிப்படையாகக் காட்டுகிறது.

நீர்வரவைக் குறிக்கும் பிற வினைகளையும் இங்கு வரையறுத்துக்கொள்ள வேண்டும். 'லீக்' என்னும் ஆங்கிலச் சொல் வருமிடமெல்லாம் 'கசிவு' என்று எழுதும் வழக்கம் பரவியுள்ளது. தமிழோ நீர்வரவை அளவாலும் முறையாலும் பகுத்துப் பேசும் மொழி. ஈரம் படர்வது கசிதல். இடைவிட்டுத் துளியாக விழுவது சொட்டுதல். தொடர்ந்து இழையாக இறங்குவது ஒழுகுதல். விசையோடு வெளிப்படுவது பீறிடுதல். கலத்தை இறக்குவோர்க்கு இவ்வேறுபாடு நடைநயமன்று, நோய்நாடும் கருவி. பலகைப் பொருத்துவாயில் முதல்நாள் ஊறுதல் இயல்பு. சுழல்தண்டு கலத்திற்கு வெளியே செல்லும் இடத்தில் திரியடைத்த பழைய முறைப் பெட்டி இருப்பின், தண்டு சுழலும்போது நிமிடத்திற்கு இரண்டு மூன்று துளி சொட்டுதல் வேண்டும். அத்துளிகளே தண்டைக் குளிர்விப்பவை. சொட்டு முற்றிலும் நின்றால் திரி கருகித் தண்டு தேயும். அதே இடத்தில் நீர் ஒழுகினால் திரியை முடுக்க வேண்டும். கடல்நீர்க் குழாயின் அடைப்பானில் சொட்டினாலும் கலத்தை விடுவிக்கக் கூடாது. மூன்றிடத்திலும் 'கசிவு' என்றே எழுதினால், படிப்பவர் தேவையான சொட்டை நிறுத்திவிடலாம். நிறுத்த வேண்டியதை இயல்பென்று விட்டுவிடலாம்.

ஊறி இறுகுதலால் தீராத நீர்வரவும் உண்டு. 1968ஆம் ஆண்டுப் பயணத்தில் சுஹைலியின் 'ஏரா' எனப்படும் அடிமரத்தை ஒட்டிய பலகைப் பொருத்துவாயில் நீர் புகுந்தது. கலம் நெடுநாள் நீரிலேயே இருந்தமையால் அது உலர்வின் விளைவன்று. கட்டுக்கோப்பின் அசைவால் நேர்ந்தது. நாக்ஸ் ஜான்ஸ்டன் நடுக்கடலில் கலத்தின் கீழே மூழ்கி, பருத்தித் திரியும் கித்தான் பட்டையும் வைத்து அடைத்தார். காலத்தால் தானே அடங்கும் ஊறலும், கைவைத்தாலன்றி அடங்காத கசிவும் வேறு என்பதற்கு இது சான்று.

5. இறக்குமுன் அடிப்பகுதி

இன்றைய பாய்ப்படகுகளிற் பெரும்பாலானவை கண்ணாடியிழையால் ஆனவை. அவற்றிற்கு ஊறி இறுகுதல் இல்லை. அடிப்பூச்சும் உலோக உறுப்புகளும் எல்லாக் கலங்களுக்கும் பொது.

நீரில் மூழ்கும் பகுதியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாதிருக்கப் பூசப்படுவது 'ஆன்டிஃபௌலிங்'. 'அழுக்கெதிர்ப்பு' என்று பெயர்ப்பது பொருந்தாது. தடுக்கப்படுவது அழுக்கன்று, உயிரிகள். 'ஒட்டுயிர்த் தடைப்பூச்சு' எனலாம். இப்பூச்சுகளிற் பல செப்புச் சேர்மங்களைக் கொண்டவை. வெள்ளீயக் கரிமச் சேர்மங்கள் கொண்ட பழைய பூச்சுகள் கடலுயிர்களுக்குக் கேடு செய்தமையால், 2001இல் ஏற்கப்பெற்று 2008 செப்டம்பர் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டன. ஆதலின் பழைய கையேட்டை மொழிபெயர்ப்போர் பூச்சின் பெயரை அப்படியே பெயர்த்துவிடாமல் காலத்தையும் கருத வேண்டும். செப்புப் பூச்சை அலுமினிய உடலில் பூசலாகாது. இரு உலோகங்களுக்கிடையே கடல்நீரில் மின்வேதி வினை நிகழ்ந்து அலுமினியம் அரிக்கப்படும்.

இதே வினையைப் பயன்படுத்திக்கொள்ளும் பாதுகாப்பும் உண்டு. சுழல்தண்டு முதலியவற்றோடு துத்தநாகக் கட்டி ஒன்று பொருத்தப்படும். வெண்கலத்திற்கு முன்னே துத்தநாகம் தான் அரிபட்டு அதைக் காக்கும். பாதியளவு தேய்ந்ததும் கட்டியை மாற்றுவது வழக்கம். கடல்நீரில் துத்தநாகமும் நன்னீரில் மக்னீசியமும் பயன்படுகின்றன. இக்கட்டியின்மேல் வண்ணம் பூசலாகாது. பூசினால் அது பயனற்றதாகும். கலத்தின் அடிப்பகுதி 'முழுவதும்' பூசுக என்று எழுதுவோர் 'துத்தநாகக் கட்டி நீங்கலாக' என்பதை விடக்கூடாது.

6. இறக்கும் நேரம்: வினைகளின் வரிசை

பாரந்தூக்கியின் வார்களில் தொங்கும் கலம் மெல்ல நீரில் இறக்கப்படுகிறது. அதற்கு முன்பே கலத்தின் உடலைத் துளைத்துச் செல்லும் குழாய்களின் அடைப்பான்கள் யாவும் மூடப்பட்டிருத்தல் வேண்டும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியது, நெடுக நின்றால் திறந்தது என்பது இன்றைய உருண்டை அடைப்பான்களின் அடையாளம். கலம் மிதக்கத் தொடங்கியதும், வார்கள் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கும்போதே, ஒருவர் உள்ளே சென்று ஒவ்வொரு துளையையும் பார்க்கிறார்; அடைப்பான்களை ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்க்கிறார். ஐயமில்லை என்ற பின்னரே வார்கள் தளர்த்தப்படும். மரக்கலமாயின் ஓரிரவு வாரிலேயே நிறுத்துவதும், இறைப்புப் பொறியை இயக்கத்தில் வைத்து ஆள் காவலிருப்பதும் உண்டு.

இவ்வரிசையைத் தமிழில் எழுதும்போது சொல்லைவிடத் தொடரமைப்பே இடர் தருகிறது. தமிழில் அடுக்கடுக்கான செயல்களை வினையெச்சங்களால் கோத்து ஒரே முற்றில் முடிப்பது இயல்பான நடை. ஆயின் முற்று எதிர்மறையானால், அவ்வெதிர்மறை எந்த எச்சம்வரை பரவுகிறது என்பது தெளிவாகாது. 'கலத்தை இறக்கி, அடைப்பான்களைத் திறந்து, வார்களை அவிழ்க்க வேண்டாம்' என்னும் தொடரில் விலக்கப்படுவது அவிழ்த்தல் மட்டுமா, திறத்தலுமா? நேரில் பேசும்போது குரலேற்றம் இதைத் தீர்க்கும். அச்சில் அது இல்லை. ஆகவே, 'கலத்தை இறக்கவும். அடைப்பான்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவும். எங்கும் நீர் வரவில்லை என உறுதியான பின்னரே வார்களை அவிழ்க்கவும்' எனத் தனித்தனி முற்றுகளாக்குவதும், எதிர்மறைக்கு மாறாகப் 'பின்னரே' என்னும் ஏகாரத் தேற்றத்தைப் பயன்படுத்துவதும் தக்கன. ஆங்கிலத்தின் 'அன்டில்' தொடர்களும் இவ்வாறே. 'ஊறி இறுகும்வரை கலத்தை ஆளின்றி விடக்கூடாது' என்பதில் 'வரை' காலத்தின் எல்லையைத் தெளிவாக வரையறுக்கிறது.

7. பாய்மரமும் கயிறுகளும்

கலம் நீரில் நிலைபெற்றபின் பாய்மரம் நிறுத்தப்படும். ஆங்கிலத்தில் இவ்வினை 'ஸ்டெப்'. இங்கு அதன் பொருள் படி அன்று. மரத்தின் அடி அமரும் குழியும் அப்பெயரே பெறும். மரத்தை நிறுத்துமுன் அக்குழியில் நாணயம் இடும் வழக்கம் மேலைக் கப்பலோரிடம் இன்றும் உள்ளது. நிறுத்தும் இடத்தின் மேலே மின்கம்பி செல்கிறதா என்று பார்ப்பது முதற்கடமை. உலோகப் பாய்மரம் உயரழுத்தக் கம்பியைத் தொட்டால் உயிரிழப்பு நேரும்.

கயிறுகள் இருவகை. மரத்தை நிலையாகத் தாங்குபவை ஒருவகை. பாயை ஏற்றவும் இழுக்கவும் ஓடுபவை மற்றொருவகை. முன்னவை பெரும்பாலும் எஃகுக் கம்பிவடங்களாதலின் அவற்றை 'வடம்' என்றும், பின்னவற்றைக் 'கயிறு' என்றும் முறைப்படுத்திக்கொண்டால் குழப்பம் நீங்கும். வடத்தில் ஓர் இழை அறுந்து நீட்டியிருந்தாலும் அவ்வடத்தை மாற்ற வேண்டும். பக்கவடங்களை முதலில் கையளவில் முடுக்கி, மரம் நடுநிலையில் நேராக நிற்பதை உறுதிசெய்து, பின்னர் இருபுறமும் மாறிமாறிச் சமமாக இறுக்குவர். முடுக்கிகள் தாமே தளராதபடி ஊசி செருகி மடக்குவது இறுதிப்படி.

மொழிபெயர்ப்பாளர் மிகுதியாக இடறும் இடமும் இதுவே. 'ஷீட்' துணியன்று, பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. 'ஷ்ரௌட்' பிணப்போர்வையன்று, பக்கவடம். 'ஸ்டே' தங்குதலன்று, முன்னும் பின்னும் தாங்கும் வடம். 'பெண்ட்' வளைத்தலன்று, பாயை அதற்குரிய கழியிலோ வடத்திலோ பூட்டுதல். இவற்றுள் பாயை ஏற்றும் கயிற்றுக்கு 'ஆஞ்சான்' என்றும், 'ஷீட்'டுக்குத் 'தாமான்' என்றும் தமிழில் பெயர்கள் உண்டு. தாமான், ஆடையின் கீழ்விளிம்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. பாயின் கீழ்மூலைக் கயிற்றுக்கு அது பொருத்தமான பெயரே.

இத்தகைய சொல்தொகுப்பு இந்தியாவிற்குப் புதிதன்று. கப்பலில் பணிபுரிந்த இந்திய லஸ்கர்களுக்கு ஆணையிடுவதற்காகத் தாமஸ் ரோபக் தொகுத்த ஆங்கில இந்துஸ்தானிக் கடற்சொல் அகராதி 1811இல் வெளிவந்தது. ஆணை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் பாய் கிழியும், ஆள் வீழ்வார் என்ற நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்த அகராதி அது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் கப்பற்சொற்களுக்கு இடமளித்துள்ளது.

8. இயந்திரமும் வெள்ளோட்டமும்

குளிர்காலத்தில் கழற்றி வைத்த ரப்பர் இறைப்புச் சக்கரம் மீண்டும் பூட்டப்பட்டு, எரிபொருள் வடிகட்டி மாற்றப்பட்டு, கடல்நீர் அடைப்பான் திறக்கப்பட்ட பின்பே இயந்திரம் இயக்கப்படும். புகைப்போக்கியுடன் நீரும் வெளிவருகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இறக்கும்போது மூட வேண்டிய அடைப்பான் இங்குத் திறக்க வேண்டியதாகிறது. முரண்போல் தோன்றும் இவ்விரு ஆணைகளையும் எந்த நேரத்திற்கு உரியவை என்ற குறிப்போடு எழுதுதல் இன்றியமையாதது.

இறுதியாகக் கலம் பாய்விரித்துக் கரையருகே ஓட்டிச் சோதிக்கப்படும். இதற்கு 'கடல் சோதனை' என்று புதுத்தொடர் ஆக்க வேண்டியதில்லை. தேருக்கும் கப்பலுக்கும் உரிய 'வெள்ளோட்டம்' தமிழில் வாழும் சொல்லாகவே உள்ளது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, செயல்முறைக் கையேட்டில் மொழிபெயர்ப்பின் அலகு தனிச்சொல் அன்று. காரணத்தோடு கூடிய செயல். இரண்டாவது, ஊறுதல், கசிதல், சொட்டுதல், ஒழுகுதல் போன்ற அன்றாட வினைகளின் நுண்பகுப்பு, பெயர்ச்சொற்களைத் தொகுப்பதில் மட்டும் கருத்துச் செலுத்தும் கலைச்சொல் அகராதிகளில் இடம்பெறுவதில்லை. தொழில்மொழிக்கு அவையே மிகுதியும் தேவைப்படுகின்றன. மூன்றாவது, ஆஞ்சான், தாமான், ஏரா முதலியவை அகராதியில் இருப்பதனாலேயே பயன்பாட்டிற்குத் தகுதியாகிவிடுவதில்லை. அவற்றை அறிந்த கடல்தொழிலாளரிடம் கேட்டு, இன்றைய கருவியோடு பொருத்திப் பார்த்து, தொடரில் இட்டுச் சோதித்த பின்பே கையேட்டில் ஏற்க வேண்டும். கையேட்டின் தமிழ் வடிவத்தை அச்சிடுமுன், அதை மட்டுமே வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு கலத்தை இறக்கிப் பார்ப்பதே அம்மொழிபெயர்ப்புக்கு வைக்கத்தக்க சோதனை.